ஆண்டுக் கணக்கும் நோட்டுக் கணக்கும்

இடுக்கி மாவட்டத்தில் ஆனைக்கரை, வண்டன்மேடு, புற்றடி முதலிய ஏலக்காய் ஊர்களின் வீட்டு முற்றங்களில் இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்த டீசல் ஜீப்புகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றின் வயதைச் சட்டம் ஒருவிதமாகவும் உரிமையாளர் வேறுவிதமாகவும் அளக்கின்றனர். சட்டத்துக்குப் பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டு போதுமானது. வண்டியைத் தம் கையாலேயே பராமரிக்கும் உரிமையாளரிடமோ எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு இருக்கும். இவ்விரண்டில் உண்மைக்கு அருகில் நிற்பது நோட்டுத்தான். ஆனால் கொள்கை வகுப்போர் அதை ஒருமுறையும் கேட்டதில்லை.

அந்த நோட்டில் இருப்பவை எளியவை: நாள், ஓடிய தூரம், மாற்றிய பொருள், ஆன செலவு. எஞ்சின் ஆயில் எப்போது மாற்றப்பட்டது, யூ ஜாயின்ட்டுக்குக் கிரீஸ் எப்போது அடிக்கப்பட்டது, எந்தப் பக்கத்துப் பட்டை உடைந்தது என்பன அதில் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றின் மீட்டர் ஐந்து இலக்கமே காட்டும். 99,999 கிலோமீட்டரைத் தாண்டியதும் மீண்டும் சுழியத்தில் தொடங்கும். ஓடுவது இரண்டாம் சுற்றா, மூன்றாம் சுற்றா என்பதை மீட்டர் சொல்லாது. மீட்டர் கேபிள் அறுந்து மாதக்கணக்கில் கிடந்திருந்தால் அந்தத் தூரம் முற்றிலும் கணக்கில் வராது. நோட்டு இல்லாத வண்டி, மருத்துவக் குறிப்பேடு இல்லாத முதியவரைப் போன்றது.

மலைப்பாதையில் இக்கணக்கு சிக்கனத்தோடு நிற்பதன்று, உயிரோடு தொடர்புடையது. பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். ஈரம் ஏறிய நிலைக்குத் தரநிலை கோரும் எல்லை 140 பாகை மட்டுமே. டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155. கம்பம்மெட்டிலிருந்து சுமையோடு இறங்கும் வண்டியில், கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிக்காமல் பிரேக்கையே நம்பினால், ஈரமேறிய ஆயில் கொதித்துவிடக்கூடும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் தோன்றும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஆகவே பெடல் தரைவரை இறங்கியும் சக்கரத்துக்கு அழுத்தம் சென்று சேராது. இதைத் தவிர்க்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றவேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு புட்டி ஆயில், ஒரு ஸ்பேனர், ஒரு ரப்பர்க் குழாய், பெடலை மிதித்துக் கொடுக்க வீட்டில் இன்னொருவர், அவ்வளவே. தகுதிச் சோதனை நாளில் சமதளத்தில், ஆறிய பிரேக்கோடு நிற்கும் வண்டியில் இக்குறை வெளிப்படாது. ஆயில் மாற்றாத ஐந்து வயது வண்டி சோதனையில் தேறும். மலையிறக்கத்தில் அதைவிட நம்பத்தக்கது, நோட்டோடு ஓடும் இருபத்தைந்து வயது வண்டிதான்.

இத்தகைய பராமரிப்பு கருவிகளின் அறிவு மட்டுமன்று, குறிகளை வாசிக்கும் அறிவும் ஆகும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டை ஐயுறவேண்டும். எல்லையூர்களில் இவ்வறிவு இரு மொழிகளில் புழங்குகிறது. ஏற்றத்தில் திணறும் வண்டியைத் தமிழர் 'இழுக்கவில்லை' என்பர். மலையாளி 'வலிக்குன்னில்ல' என்பார். புதிதாகக் கேட்கும் தமிழ்க் காதுக்கு, வண்டிக்கு நோவில்லை என்று அவர் சொல்வதாகவே படும். ஆனால் துடுப்பு வலித்தல் என்னும் வழக்கில் அந்தப் பழம்பொருள் தமிழிலும் உயிரோடுதான் இருக்கிறது. பட்டறைச் சொற்களைத் தொகுக்க முனையும் ஆய்வாளர் எவரும் இதுவரை வெறுங்கையோடு திரும்பியிருக்க முடியாது.

பழைய வண்டிக்கு எதிரான வாதம் வலுவற்றதன்று. எவ்வளவு பேணினாலும் 1990களின் டீசல் எஞ்சின், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 அளவுக்குத் தூய்மையாக எரியாது. தில்லியின் காற்றை முன்னிட்டு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு விதித்த தடைக்குப் பின்னால் அத்தகைய காரணம் இருந்தது. வீட்டுப் பராமரிப்பிலும் பிழைகள் உண்டு. ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது தற்கொலைக்கு ஒப்பானது. வடித்த ஆயிலை ஏலச்செடி ஓரத்தில் ஊற்றுவது அதைவிடப் பரவலான தவறு. சட்டப்படி அது அபாயக் கழிவு, மழையில் அது ஓடைக்கே போய்ச் சேரும். இவற்றைச் சட்டம் கண்டிப்போடு கேட்கட்டும். புகையை அளக்கட்டும், பிரேக்கை அளக்கட்டும், தேறாத வண்டியை நிறுத்தட்டும்.

நடப்பது வேறு. சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டில் முடிகிறது. தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். இது நியாயமான ஏற்பாடு. ஆனால் அப்புதுப்பித்தலுக்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக்கப்பட்டது. சோதனையில் தேறிய வண்டிக்கும் இதே தொகைதான். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் வீட்டு வண்டியும் முப்பதாயிரம் ஓடும் வண்டியும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. நிலையை அளந்த பிறகும் வயதுக்குத் தண்டம் விதிப்பதை மாசுக் கட்டுப்பாடு என்று சொல்ல இயலாது. பராமரித்தவரையும் பராமரிக்காதவரையும் சமமாக நடத்தும் கட்டணம், பராமரிப்பே வீண் என்றுதான் கற்பிக்கும்.

இதற்கு மறுமுனையில் உற்பத்தியாளர்கள் நிற்கின்றனர். உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-இலேயே பொதுவாக்கெடுப்பின் வழி கார் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டனர். இங்கே 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. ஆயினும் சட்டம் வரவில்லை. ஜீப்பின் காலம் முடிந்து அடுத்த வண்டி அதே முற்றத்துக்கு வரும்போது, அதன் எச்சரிக்கை விளக்கு எதற்காக எரிகிறது என்பதை அறியவே உரிமையாளர் மலையிறங்கி நகரத்துக்குச் செல்லவேண்டியிருக்கும்.

குறைந்த அளவு இரண்டு காரியங்கள் உடனே செய்யத்தக்கவை. தகுதிச் சோதனையில் தேறும் சொந்த வண்டிக்கு, பராமரிப்புப் பதிவைக் காட்டினால், பழைய 600 ரூபாய்க் கட்டணத்தையே வாங்கலாம். பணிமனைக் கையேட்டை யார் கேட்டாலும் விலைக்குத் தரவேண்டும் என நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தலாம். அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமன்றி, ஆனைக்கரைப் பட்டறைகளில் பேசப்படும் இரு மொழிகளிலும்.