நோயின் முதல் நாளுக்கு ஊதியம் உண்டா? சில நாடுகளின் நோய் விடுப்புச் சட்டங்கள்

காசநோய் உறுதியானதும் நோயாளிகள் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் மருந்தைப் பற்றியதன்று. "எத்தனை நாளைக்கு வேலைக்குப் போகக் கூடாது, டாக்டர்?" என்பதே அது. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. இழக்கும் கூலியை யார் தருவார் என்பதே கவலை. இக்கவலைக்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வெவ்வேறு விடை தருகிறது.

பிரிட்டனில் நோயுற்ற தொழிலாளருக்கு 28 வாரங்கள் வரை நிறுவனம் சட்டப்படியான நோய் ஊதியம் தர வேண்டும். ஆயினும் அண்மைக்காலம் வரை முதல் மூன்று பணிநாள்களுக்கு எதுவும் கிடையாது. மிகக் குறைந்த ஊதியம் பெறுவோருக்கு இந்த உரிமையே இல்லை. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2026 ஏப்ரல் முதல் இவ்விரு தடைகளும் நீக்கப்பட்டுள்ளன. வழங்கப்படும் தொகை இன்னமும் சிறியதே. எனினும் மருத்துவர் என்ற முறையில் இம்மாற்றத்தை முக்கியமானதாகக் கருதுகிறேன். ஃப்ளூ போன்ற தொற்றுகள் முதல் சில நாள்களில்தான் மிகுதியாகப் பரவுகின்றன. அந்நாள்களுக்கே ஊதியம் மறுக்கப்பட்டால், காய்ச்சலோடு பணிக்கு வருமாறு சட்டமே தூண்டுவதாகிவிடும்.

ஜெர்மனியில் பணியில் சேர்ந்து நான்கு வாரம் நிறைந்தவருக்கு, முதல் ஆறு வாரங்களுக்கு முழு ஊதியத்தையும் நிறுவனமே தருகிறது. அதன்பின் மருத்துவக் காப்பீட்டு நிதியம் மொத்த ஊதியத்தில் 70 விழுக்காடு வழங்குகிறது. ஒரே நோய்க்கு மூன்றாண்டுகளுக்குள் 78 வாரங்கள் வரை இந்த ஏற்பாடு உண்டு.

ஜப்பானில் நோய் விடுப்புக்கு ஊதியம் தரவேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. தொழிலாளர் மருத்துவக் காப்பீடு நான்காம் நாள் முதல் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு தருகிறது. மொத்தம் 18 மாதங்கள். 2022 ஜனவரி முதல், இடையில் பணிக்குத் திரும்பிய நாள்கள் இந்த 18 மாதக் கணக்கில் சேர்வதில்லை. சிறிய திருத்தம்தான். ஆனால் சில வாரங்களுக்கு ஒருமுறை கீமோதெரபி பெற்றுக்கொண்டு, இடைப்பட்ட நாள்களில் பணி செய்யும் புற்றுநோயாளிக்கு இதன் பயன் பெரிது.

அமெரிக்காவில் தனியார் பணியாளர் அனைவருக்கும் ஊதியத்துடன் நோய் விடுப்பளிக்கும் நாடு தழுவிய சட்டம் இன்றுவரை இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரங்கள் பணியைக் காக்கிறது, ஊதியத்தைக் காக்கவில்லை. சில மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றியுள்ளன.

இந்தியாவில் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) சேர்ந்தவர் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். பொதுவாக முதல் இரண்டு நாள்கள் இதில் சேராது. பிரிட்டன் கைவிட்ட முறை இங்கு நீடிக்கிறது. காசநோய், தொழுநோய், புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனாக 80 விழுக்காடு ஊதியம், இரண்டாண்டுகள் வரை கிடைக்கும். இதற்கு இரண்டாண்டுகள் தொடர்ந்து காப்பீட்டுக்குட்பட்ட பணியில் இருந்து, அதற்குள் குறைந்தது 156 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். ஏட்டளவில் இது ஜெர்மனிக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் கட்டடத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர்களே நாட்டில் பெரும்பான்மையினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இத்திட்டத்துக்கு வெளியே இருக்கின்றனர். காசநோயாளிக்கு மாதந்தோறும் வழங்கப்படும் 1,000 ரூபாய் உணவுக்கானது, கூலிக்கு ஈடன்று.

உரிமை உள்ளவர்களும் அதனை இழப்பதுண்டு. நோயை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, ஒன்றும் கூறாமல் ஆலைப் பணியிலிருந்து நின்றுவிட்ட காசநோயாளிகளை என் புறநோயாளர் பிரிவில் கண்டிருக்கிறேன். ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பின், பணியை விடுவதற்கு முன்பே இ.எஸ்.ஐ. மருந்தகத்தை அணுகுங்கள். பணி செய்ய இயலாத முதல் நாளிலேயே அங்குள்ள மருத்துவ அலுவலரிடம் சான்றிதழ் பெறுதல் நன்று. கடைகளில் பணிபுரிவோருக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஆண்டுக்கு 12 நாள்கள் ஊதியத்துடன் நோய் விடுப்பும், 12 நாள்கள் தற்செயல் விடுப்பும் வழங்குகிறது.

பராமரிப்பாளர் நிலை இன்னும் கடினமானது. சுவீடனில் நோயுற்ற குழந்தையைக் கவனிக்க, ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள்கள் வரை பெற்றோர் உதவித்தொகை பெறலாம். உயிருக்கு ஆபத்தான நிலையிலுள்ள நெருங்கியவரைக் கவனிக்க 100 நாள்கள் உண்டு. நம் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இணையான பயன் இல்லை. தாயை வார்டில் விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்குச் செல்லும் மகனுக்குத் தற்செயல் விடுப்பும் ஈட்டிய விடுப்புமே துணை. எனவே டயாலிசிஸ், கீமோதெரபி, மறுபரிசோதனை ஆகியவற்றின் தேதிகளை மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை வைத்துக் குடும்பத்தினர் இருக்கும் விடுப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம்.