சேர்த்தபோதும் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை

அன்புவழிபுரத்து மக்கள் கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்ரெம்பர் 8இல். அந்தச் சபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தது. அதன்பின் திருகோணமலையில் இருந்து மாகாணத்தை நடத்துபவர் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான்.

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் நான்காம் உறுப்புரை ஒன்றைச் சொல்கிறது: இரு மாநிலங்களை இணைக்கவோ ஒன்றைப் பிரிக்கவோ காங்கிரஸின் சம்மதம் மட்டும் போதாது, அந்தந்த மாநில சட்டசபைகளும் சம்மதிக்க வேண்டும். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய ஆவணமும் அதுதான், கும்பிட வேண்டியதில்லை. ஆனால் எல்லை யாருடையது என்ற கேள்வியை அது தட்டிக்கழிக்கவில்லை.

சரியாக 200 ஆண்டுகள் கழித்து இந்திய–இலங்கை ஒப்பந்தம் வந்தது. 1988இல் ஜனாதிபதியின் பிரகடனம் வடக்கையும் கிழக்கையும் சேர்த்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கிழக்கில் நடக்கவேண்டிய சர்வஜன வாக்கெடுப்பு தள்ளிப்போடப்பட்டே போனது. 2006 ஒக்ரோபர் 16இல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரகடனம் செல்லாது என்றது. தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ, இரண்டு தடவையும் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போதைய முடக்கத்துக்குக் காரணம் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். பழைய விகிதாசார முறையை அது நீக்கியது. புதிய கலப்பு முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை, கொண்டுவந்த அரசாங்கம் உட்பட. தேர்தல் அந்த இடத்திலேயே நிற்கிறது.