ஈரல் புழுவுக்கும் தடுப்பூசி வேண்டும்!



வாய்க்கால் ஓரம் மேய்ந்த மாடு தாடை வீங்கி, கழிந்து, பால் வற்றி நிற்குதே, ஏன்? நத்தையில் வளர்ந்து, புல்லோடு உள்ளே போகும் தட்டைப்புழு ஈரலைத் துளைக்குது. மருந்து ஊற்றினால் சாகும். அதே வயலில் மேய்ந்தால் மறுபடி வரும். டிரைகிளாபெண்டசோல் மருந்துக்கே புழு மசியாதது 1995-லேயே ஆஸ்திரேலியாவில் தெரிந்துவிட்டது.

அதே நாட்டில் 2014-இல், ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழுவுக்குத் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. ஈரல் புழுவுக்கு? சோதனைகள் நடக்குது, ஊசி இன்னும் சந்தைக்கு வரலை.

ரெண்டு மாடு வைத்திருப்பவனை நம்பி எந்தக் கம்பெனி பணம் போடும்? கோமாரிக்கு இலவச ஊசி போடும் அரசே, இந்த ஆராய்ச்சிக்கும் நிதி ஒதுக்கு!

கிராம சபைதோறும் தீர்மானம் போடுவோம், வாரீர்!