யார் கையில் இருந்தால் பண்பாடு, யார் கையில் இருந்தால் குற்றம்?

குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் ஈய ரவைகளையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுவது நாட்டுத் துப்பாக்கி. ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிக்க வேண்டும். ஆலையில் செய்த தோட்டா வாங்கக் காசில்லாதவர்களின் கருவி அது. நரிக்குறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொக்கும் காடையும் சுட்டுப் பிழைத்தது அதை வைத்துத்தான்.

இந்தத் துப்பாக்கியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையிலேயே தேவை என்றால் இதற்கு உரிமம் வழங்கச் சொல்கிறது. பயிரைக் காக்கப் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். நிலம் யாரிடம் குவிந்திருக்கிறது என்று இந்தத் தளத்தின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும்கூட நீளக்குழல் துப்பாக்கி கேட்க அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. வயிற்றுப்பாடு என்ற காரணம் மட்டும் அதில் இல்லை.

இனி குடகுக்கு வாருங்கள். அங்கே குடவர்களும் ஜம்மா நில உரிமையாளர்களும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமமே வேண்டாம். வெள்ளையர் ஆட்சி 1861இல் விசுவாசத்துக்குப் பரிசாகக் கொடுத்த விலக்கு அது. சுதந்திர இந்தியா அதைத் தொடர்ந்தது. 2019இல் ஒன்றிய அரசு மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கைல் போல்து திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுகிறார்கள். அதைப் பண்பாடு என்கிறோம்.

அதே துப்பாக்கி நரிக்குறவர் தோளில் தொங்கினால் வழக்கு, கைது, பறிமுதல். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. நாடோடி என்றாலே சந்தேகப்படும் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"அப்படியானால் வேட்டையை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. காட்டுயிர்கள் காக்கப்பட வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டமும், வேட்டை உரிமங்களை ஒழித்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் தேவையானவையே. ஆனால் அந்தத் தடைக்கு விலை கொடுத்தது யார்? புலியைச் சுட்டுக் காலடியில் கிடத்திப் படம் எடுத்துக்கொண்ட மன்னர்களும் ஜமீன்தார்களும் இழந்தது ஒரு பொழுதுபோக்கை. நரிக்குறவர் இழந்தது தொழிலையும் சோற்றையும். மாற்றுப் பிழைப்புக்கு ஊசிமணியும் பாசிமணியும்தான் மிஞ்சின. பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைக்க 2023 பிறக்க வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்பதல்ல நம் கோரிக்கை. ஆயுதம் வைத்திருக்கும் தகுதியைப் பிறப்பு தீர்மானிக்கக் கூடாது என்கிறோம். ஒரு குழந்தை பிறக்கும்போதே அதன் கையில் சட்டப்படி துப்பாக்கியையும், இன்னொரு குழந்தையின் நெற்றியில் குற்றவாளி என்ற முத்திரையையும் வைப்பதற்குப் பெயர் பண்பாடு அல்ல, சாதி. பிறப்பால் வரும் விலக்கு ஒழிய வேண்டும். உரிமத்துக்கான விதி எல்லோருக்கும் ஒன்றாக வேண்டும். துப்பாக்கியைப் பிடுங்கிய அரசு அந்தக் கைகளுக்கு நிலப் பட்டாவும் படிப்பும் வேலையும் தந்தாக வேண்டும். அதுவரை அது சட்டத்தை நிலைநாட்டவில்லை, பறிமுதல் மட்டுமே செய்திருக்கிறது.