சோத்தை விட்டு சப்பாத்திக்கு மாறியும் சுகர் குறையலையா? ஒரு சிந்தி ரொட்டி கதை

ராயபுரத்துல கிளினிக் வச்சிருக்கறதால வாராவாரம் கேக்கற புலம்பல் இது: "சோத்தை விட்டு ஆறு மாசம் ஆச்சு சார். நைட்டு சப்பாத்திதான். இன்னா பண்ணியும் சுகர் எறங்க மாட்டேங்குது."

போன வாரம் இதைச் சொன்னவர் கண்டெய்னர் லாரி டிரைவர். ஹெச்பிஏ1சி 9.4. எத்தனை சப்பாத்தின்னு கேட்டேன். ஆறு. தொட்டுக்க? உருளைக்கிழங்கு குருமா.

கணக்கு போடுவோம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவுன்னா ஆறுக்கு 180 கிராம். அதுல மாவுச்சத்து மட்டும் சுமார் 115 கிராம். கிட்டத்தட்ட 400 கிராம் சோத்துல இருக்கறதும் அதேதான். தட்டுதான் மாறிச்சு, சாப்பாடு மாறல.

தப்பு அவர் மேல இல்ல. "சோறை நிறுத்துங்க, சப்பாத்தி சாப்பிடுங்க"ன்னு ஒரே வரியில சொல்லி அனுப்பற நம்ம டாக்டர்கள் மேலதான். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

2025 செப்டம்பர்ல ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 'நேச்சர் மெடிசின்' இதழ்ல வந்தது. இந்தியர்கள் சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து. அரிசியை எடுத்துட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ வச்சா சுகர் ஆபத்து குறையறதா தெரியல. மாவுச்சத்துல கொஞ்சத்தைக் குறைச்சு அந்த இடத்துல பருப்பு, பால் மாதிரி புரதம் வந்தாத்தான் ஆபத்து குறைவா இருந்தது.

இப்போ ரொட்டிக்கு வரேன். கூடப் படிச்ச சிந்தி நண்பன் வீடு புரசைவாக்கத்துல. 1947 பிரிவினையில சிந்துவை விட்டு வந்த குடும்பம். அவங்க காலை டிபன் கோக்கி. முதல் நாள் நான் மூணு கேட்டேன். ஆன்ட்டி சிரிச்சுட்டாங்க, ஒண்ணை முடி, அப்புறம் பார்க்கலாம்னு. ஒண்ணுலயே எனக்கு மூச்சு முட்டிடுச்சு.

செய்முறை சுலபம். ஒரு ஆளுக்கு 70 கிராம் கோதுமை மாவு, சலிக்காம. கொஞ்சம் கொரகொரன்னு இருந்தா இன்னும் நல்லது. பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, சீரகம், உப்பு, ஒரு டீஸ்பூன் நெய். ஆன்ட்டி காஞ்ச மாதுளை விதையும் பொடிச்சுப் போடுவாங்க, அது இல்லாட்டியும் பரவால்ல. தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு கெட்டியாப் பிசையுங்க. வெங்காயமே தண்ணி விடும், ஊற வச்சீங்கன்னா மாவு கொழகொழன்னு போயிடும். தடியாத் தட்டி தோசைக்கல்லுல அரை வேக்காடு போட்டு எடுத்து, மறுபடி கட்டையால தேய்ச்சு, மேல கத்தியால லேசாக் கீறிவிட்டு, இன்னொரு டீஸ்பூன் நெய் விட்டு சின்னத் தீயில பொறுமையா சுடணும். அவசரப்பட்டா உள்ள மாவா நிக்கும்.

இதுல சுமார் 330 கலோரி, 50 கிராம் மாவுச்சத்து, 7-8 கிராம் புரதம். இதுவும் கோதுமைதான், மந்திரம் ஒண்ணும் கிடையாது. இதோட நல்ல குணமே தடிமன்தான். மெல்லிசு சப்பாத்தி பேசிட்டே இருக்கும்போது ஆறு உள்ள போயிடும். இதை மெதுவா மென்னுதான் சாப்பிட முடியும், ஒண்ணோட நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஆனா புரதம் பத்தாது. சிந்தி வீட்ல தயிர், அப்பளம், ஊறுகாயோட சாப்பிடுவாங்க. தயிரை வச்சுக்கங்க. பிபி இருக்கறவங்க அப்பளத்தையும் ஊறுகாயையும் விட்டுடுங்க, உப்பு. நாம காசிமேட்டுப் பக்கத்துல இருக்கோம், மத்தி, நெத்திலி கிடைக்குது, குழம்பா வைங்க. இல்ல ரெண்டு முட்டை. கிட்னி பிரச்சினை இருந்தா புரதத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேளுங்க.

டிரைவர் அண்ணன்களுக்குத் தனியா ஒண்ணு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல துறைமுகம் கேட்டுக்கு மணிக்கணக்கா க்யூவுல நிக்கறீங்க. மாத்திரை போட்டாச்சு, சாப்பாடு இல்ல. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைக்கு இது ஆபத்து. வேர்வை, நடுக்கம், கண் இருட்டறது வந்தா அது லோ சுகர். அப்போ கோக்கியைக் கடிக்காதீங்க, நெய்யும் நாரும் இருக்கறதால சுகர் மெதுவாத்தான் ஏறும். முதல்ல மூணு ஸ்பூன் சர்க்கரை தண்ணியில கலந்து குடிங்க, கால் மணி நேரத்துல தெளியலன்னா இன்னொரு தடவை. தெளிஞ்ச பிறகு கோக்கி. காகிதத்துல சுத்தி வச்சா அன்னிக்கு ராத்திரி வரை தாங்கும். அதுக்கு மேல நம்ம ஊர் புழுக்கத்துக்கு நான் உத்தரவாதம் இல்ல. அப்புறம், ஆறு சப்பாத்தியில இருந்து திடீர்னு ஒரு கோக்கிக்கு வரதுன்னா மாத்திரை அளவையும் மாத்த வேண்டியிருக்கும். சொல்லாம பண்ணாதீங்க.

அந்த டிரைவர் வீட்ல அக்காவுக்கு செய்முறையை எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கோதுமையை மிஷின்ல அரைச்சா போதுமான்னு கேட்டாங்க. தாராளமா போதும். அடுத்த டெஸ்ட் மூணு மாசம் கழிச்சு. அவர் சம்மதிச்சா நம்பரை இங்கேயே போடறேன், குறைஞ்சிருந்தாலும் சரி, குறையலன்னாலும் சரி.