ஓர் உறுப்பினரின் நோயும் ஒரு தொகுதியின் வெற்றிடமும்

பொருளியலில் இறுதிநிலைப் பயன்பாடு என்று பாடம் நடத்துவோம். பண்டம் அருகும்போது அதன் கடைசி அலகுக்கு மதிப்புக் கூடும். சட்டப்பேரவை உறுப்பினரின் ஒரு வாக்கும் அப்படித்தான். பெரும்பான்மை தாராளமாக இருக்கும்போது அவரது காய்ச்சல் குடும்பத்தின் கவலை. நூலிழையில் தொங்கும்போது ஆட்சியின் கவலை.

அவையில் வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையே முடிவு என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு. உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தல் அந்த இடத்தை நிரப்பும். அவர் மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தால் அந்த வாக்கை நிரப்ப வழியில்லை. 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் காலகன் அரசு 310-க்கு 311 என ஒரே வாக்கில் வீழ்ந்தது. கடும் நோயிலிருந்த தொழிற்கட்சி உறுப்பினர் ஆல்ஃபிரட் பிராட்டன் அன்று அவைக்கு வரவில்லை. சில நாள்களில் இறந்தும் போனார். கோவாவில் மனோகர் பாரிக்கர், புற்றுநோயின் பிடியிலும் 2019 ஜனவரியில் நிதிநிலை அறிக்கையைத் தாமே வாசித்தார். அது மனவுறுதி என்பதில் ஐயமில்லை. அவரைச் சுற்றியே கட்டப்பட்ட கூட்டணியின் நிர்ப்பந்தமும் அதில் கலந்திருந்தது என்பேன்.

எங்கள் தோல் தொழில் வட்டாரம் இதை வேறுவிதமாக அனுபவித்தது. ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22-இல் மருத்துவமனையில் சேர்ந்து டிசம்பர் 5-இல் மறைந்தார். ஆளுங்கட்சி பிளந்தது. 2017 செப்டம்பர் 18 அன்று 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் ஆகிய மூன்றும் அன்றைய வேலூர் மாவட்டத் தொகுதிகள். வழக்கு உயர்நீதிமன்றத்தில் ஓராண்டைத் தின்றது. ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்து சிறு தோல் கூடங்கள் தடுமாறிய நேரம் அது.

2019 இடைத்தேர்தலில் குடியாத்தத்தில் வென்ற காத்தவராயன் 2020 பிப்ரவரி 28 அன்று உடல்நலக் குறைவால் காலமானார். ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். கொரோனா அதற்கு விலக்களித்தது. முதல்முறை ஏறத்தாழ 20 மாதங்கள், அடுத்து 14 மாதங்கள்: ஐந்தாண்டுக் காலத்தில் பாதிக்கும் மேல் அத்தொகுதிக்குப் பேரவையில் குரல் இல்லை. முதலமைச்சரான காமராஜரை 1954 இடைத்தேர்தலில் பேரவைக்கு அனுப்பிய ஊர் இது! ஊரடங்கில் ஷூ கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது, பேரணாம்பட்டிலிருந்து பழைய மாணவர் ஒருவர், "மனுவை யாரிடம் கொடுப்பது, ஐயா?" என்று கேட்டார். ஆட்சியர் அலுவலகத்தைச் சொன்னேன். அது எனக்கே நிறைவான பதிலாகத் தெரியவில்லை.

பிரிட்டன் இப்போது நீண்டகால நோயுற்ற உறுப்பினர்களுக்குப் பதிலி வாக்கை அனுமதிக்கிறது. நாமும் மசோதாக்களுக்கேனும் அதைப் பரிசீலிக்கலாம். பதிலியை உறுப்பினரே தேர்ந்தெடுக்க வேண்டும். கொறடாவிடம் விட்டால் நோயாளியின் கையொப்பம் கட்சியின் சொத்தாகிவிடும். நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் இதை நீட்டிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் காலியிடம் ஓராண்டைத் தாண்டினால், அத்தொகுதியின் மனுக்களைப் பேரவையில் எழுப்பும் பொறுப்பை அண்டைத் தொகுதி உறுப்பினர் ஒருவரிடம் பேரவைத் தலைவர் ஒப்படைப்பதற்குத் தயக்கம் எதற்கு? அதற்கு ஒரு விதித்திருத்தம் போதும்.