குமர்ப்பிள்ளைகளின் இரத்தம்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்தக் கரையில் வாழும் உம்மாமார், ஆசிரியைகள், தாதியர், பல்கலைக்கழக மாணவியர், வட்டையில் கூலிக்கு இறங்குவோர் என நாங்கள் கூடி இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம். சிறுபிள்ளைகளின் குடலிலும் குமர்ப்பிள்ளைகளின் உடம்பிலும் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளை இந்த ஊர்களிலேயே, இந்த ஊர்ப் பெண்களின் கையாலேயே ஆராய வேண்டும் என்பது எங்கள் கொள்கை.

பாடசாலையில் தரம் 1, 4, 7, 10 என்று மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. பூச்சிக் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் அங்கே கிடைக்கின்றன. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய பிள்ளையைச் சுகாதாரப் பதிவேடு மறுபடி தேடி வருவது, அவள் கலியாணம் முடித்த பிறகு குடும்ப நல உத்தியோகத்தர் வாசலுக்கு வரும்போதுதான். நடுவிலே தறியிலும் தையல் மெஷினிலும் அடுப்படியிலும் கழிகிற ஆண்டுகளில் அவளது இரத்தத்தைப் பார்க்கும் வழமையான ஏற்பாடு ஏதுமில்லை. மாதவிடாயால் இரும்பு குறைகிற வயதும் அதுவே. அதற்கு மேல், குடலில் ஒட்டி வாழும் நெக்கேட்டர் இனக் கொழுக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீட்டர் இரத்தம் குடிக்கும். அற்பம்தான். நூறு புழு இருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலீட்டர். மாதவிடாயில் சராசரியாகப் போவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பிள்ளை வெளிறி, படி ஏற மூச்சு வாங்கினால் கண்ணூறு என்கிறோம். ஓதிப் பார்ப்பதை நாங்கள் தடுக்கவில்லை. ஓதிய கையோடு இரத்தத்தையும் பாருங்கள் என்கிறோம்.

புழுவெல்லாம் போய்விட்டதே, இனி என்ன ஆய்வு என்று கேட்பார்கள். 2003ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் 7 வீதத்தை ஒட்டியிருந்த குடற்புழுத் தொற்று 2017இல் 1 வீதத்துக்கும் கீழே வந்தது உண்மை. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அதே 2017இல் தோட்டப்புறங்களில் அது 9 வீதமாக இருந்தது. நாட்டுச் சராசரிக்குள் மலையகப் பிள்ளைகள் மறைந்துபோனார்கள். அந்தக் கணக்கெடுப்பு மலம் கேட்டதும் ஆரம்பப் பிரிவு மாணவரிடம்தான். அவர்களுடைய ராத்தாமாரிடம் கேட்கவில்லை. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதும் தோட்டங்களில்தான். கொழுந்து பறிக்கும் கைக்கு இரத்தம் வேண்டும் என்ற கணக்கு துரைமாருக்குப் புரிந்தது. வீட்டுக்குள் உழைக்கிறவளின் இரத்தத்தால் எவருக்கும் இலாபக் கணக்கு இல்லை; அதனால் அந்தக் கணக்கை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகளுக்கு வீடு கொடுப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு கலியாணத்துக்கும் வளவு பிரிகிறது. மலசலகூடக் குழி கிணற்றுக்கு இன்னும் ஒரு முழம் கிட்ட வருகிறது. வடகீழ்ப் பருவ மழையில் இந்த மணற்கரையின் நிலத்தடி நீர் மேலே வந்து குழிகள் ததும்புகின்றன. ஈரமான, நிழல் விழுந்த மணலைத்தான் கொழுக்கிப்புழுவின் குடம்பிகள் விரும்பும். வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியே விழுங்கப்பட்டுக் குடலுக்கு வரும். நாய் பூனைகளிலிருந்து மனிதருக்குத் தாவும் இனமும் உண்டு: 1911இல் இந்தத் தீவின் மரநாய் ஒன்றிலிருந்துதான் அது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. மனிதருக்கு மட்டும் குளிசை கொடுத்து அதை முடிக்க முடியாது.

ஆய்வு ஏன் இங்கேயே நடக்க வேண்டும்? மலத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் காட்டோ-காட்ஸ் முறையில் கொழுக்கிப்புழு முட்டைகள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். நுணுக்குக்காட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் 'தொற்று இல்லை' என்ற பொய்தான் விடையாக வரும். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் வளவுகளைவிட நல்ல பாடம் எது?

மாதிரி கொடுக்கப் பிள்ளைகள் படும் வெட்கத்தை நாங்கள் சின்ன விசயமாக எடுக்கவில்லை. ஆப்பிரிக்காவில் நன்னீர் நத்தையிலிருந்து வரும் சிஸ்டோசோமா புழு பெண்ணுறுப்பில் உண்டாக்கும் புண்ணைப் பாலியல் நோய் என்று தவறாக எண்ணி எத்தனையோ பெண்களைத் தலைகுனிய வைத்திருக்கிறார்கள். ஆகவே கிண்ணத்தில் இலக்கம் மட்டும் இருக்கும், பெயர் இராது. மாதிரி கேட்டு வருபவள் பெண்ணாகவே இருப்பாள். முடிவு முதலில் அந்தப் பிள்ளைக்கு. அவள் சம்மதித்தால் உம்மாவுக்கு. தொற்று இருந்தால் மருந்து கிடைக்க வழி செய்யாமல் எந்த வீட்டிலிருந்தும் மாதிரி எடுக்கமாட்டோம்.

தோலில் குடியேறும் ஒட்டுண்ணிகளையும் நாங்கள் தேடுவோம். 1992இல் உள்ளூர்த் தொற்றாக முதலில் அறியப்பட்டு, 2008இலிருந்து கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயான லீஷ்மேனியாசிஸ் தெற்கே ஹம்பாந்தோட்டையிலும் வடமேற்கே பொலனறுவையிலும் இருக்கிறது. முகத்தில் நோவில்லாத, ஆறாத புண் கண்டால் கலியாணப் பேச்சுக்குப் பயந்து மூடி வைக்காதீர்கள். சிரங்கும் எங்கள் பட்டியலில் உண்டு.

கர்ப்பிணிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா என்று உலகம் தயங்கிய காலத்தில் 1994இலேயே அதைக் கொள்கையாக்கிய நாடு இது. பேராசிரியை நிலாந்தி டி சில்வாவின் குழு சுமார் 7000 இலங்கைத் தாய்மாரின் பிரசவங்களை ஆராய்ந்து, முதல் மூன்று மாதத்துக்குப் பின் மெபெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுப்பதற்கான ஆதாரத்தை 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டது. இங்கே முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம்.

கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடம் நாங்கள் கேட்பது, பாடசாலையை விட்ட குமர்ப்பிள்ளைகளுக்கென ஒரு பதிவேடு. பள்ளிவாசல் நிருவாகங்களிடம் கேட்பது, ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவித்தல். மாரி வெள்ளம் வடிந்த கிழமையில் முதல் மாதிரிகளை எடுப்போம். அதே வீடுகளுக்குக் கோடையிலும் போவோம். இரண்டு முடிவுகளையும் முதலில் அந்த வளவுகளின் பெண்களைக் கூட்டி அவர்கள் முன்னே வாசிப்போம். பணிமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதன் பிறகு கொடுப்போம்.